மாமாவின் கேஸ் மீட்டர்

என் மாமாவுக்கு கிண்டி தொழிற்பேட்டையில் வெல்டிங் வேலை. பழைய டேங்குக்குள் இறங்கும் முன் கேஸ் மீட்டரை வெளிக்காற்றில் ஆன் செய்து, அதன் குழாயை உள்ளே விட்டு மேலே, நடுவில், அடியில் என்று பொறுமையாகப் பார்ப்பார். மீத்தேன் மேலே ஏறும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், அடியில் தங்கும்.

"10 காட்டினால் 10 சதவீதம் கேஸா மாமா?" என்று கேட்டேன். இல்லையாம்! காற்றில் மீத்தேன் சுமார் 5 சதவீதம் இருந்தாலே தீப்பிடிக்கும். அந்த அளவைத்தான் மீட்டர் 100 என்கிறது. 10 வந்தாலே அலாரம் அடிக்கும், யாரும் இறங்கக் கூடாது.

எனக்கு ஆச்சரியம் இதுதான். மாமாவோட மீட்டர் கேஸைத் தனக்குள்ளே லேசா எரிச்சுப் பார்த்துத்தான் அளக்குது. ஆக்சிஜன் இல்லேன்னா எரியாது, கேஸ் நிறைய இருந்தாலும் குறைவா காட்டிடும்! அதனால முதலில் ஆக்சிஜன் 20.9 இருக்கான்னு பார்ப்பார். மேஸ்திரி எவ்வளவு அவசரப்படுத்தினாலும் அதுவரை இறங்க மாட்டாராம். அத்தைதான் பெருமையா சொன்னாங்க.