நீலச் சட்டையும் கிரி வலமும்

திருவண்ணாமலையில் இருபது வருஷமாக வாத்தியார் உத்தியோகம் பார்க்கிறவனுக்குப் பௌர்ணமி என்று வருகிறது என்பதைப் பஞ்சாங்கம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அன்று காலையிலேயே பஸ் நிலையத்தின் பக்கம் இரைச்சல் வேறொரு சுருதியில் கிளம்பிவிடும். மாலையானால் தேரடி வீதியில் கால் வைக்க இடம் இராது. அப்படிப்பட்ட ஒரு பௌர்ணமியன்று கிழக்கு ராஜகோபுரத்து வாசலில் கற்பூரம் ஏற்றிவிட்டு, பதினான்கு கிலோமீட்டர் மலை வலம் புறப்பட்டேன். துணைக்கு மூன்று பையன்கள் வந்தார்கள். என்னிடம் பத்தாம் வகுப்பில் படிக்கிறவர்கள். மூவர் நெற்றியிலும் விபூதி. மூவர் உடம்பிலும் வெளிர் நீலச் சட்டை. சட்டையின் மார்பிலே அபுதாபி விமானக் கம்பெனி ஒன்றின் பெயர்.

"இது என்னப்பா, மூன்று பேரும் ஒரே கல்யாண வீட்டார் மாதிரி?" என்றேன்.

"மான்செஸ்டர் ஸிட்டி, ஸார்! தேரடி வீதியிலே பேரம் பேசி வாங்கினோம்."

"மான்செஸ்டர் இங்கிலாந்திலே இருக்கிறது. மார்பில் இருப்பது அரபு தேசத்துப் பெயராயிற்றே?"

"முதலாளி அந்த ஊர்க்காரர், ஸார்!" என்றான் அவர்களுக்குள் காப்டனாக இருப்பவன். இதுகூடத் தெரியாதா என்ற பரிதாபம் அவன் குரலில் இருந்தது.

பையன்கள் வெறும் புண்ணியத்துக்காக என்னோடு நடக்க வரவில்லை என்பது அக்கினி லிங்கம் வருவதற்குள் தெரிந்துவிட்டது. அவர்கள் தெருவில் பதினைந்து பேர் சேர்ந்து ஒரு கால்பந்துக் குழு வைத்திருக்கிறார்கள். தெருவின் பெயரே குழுவின் பெயர். ஆளுக்குப் பத்தும் இருபதுமாகச் சேர்த்து வாங்கிய பந்து ஒன்று உண்டு. பூட்ஸ் கிடையாது. செங்கம் சாலைப் பக்கம் நாலைந்து வருஷமாக வீடு எடுத்துத் தங்கியிருக்கும் ஒரு வெளிநாட்டுக் கனவான், மாலை நடையின்போது இவர்கள் வெறுங்காலோடு ஆடுவதைப் பார்த்து மனம் இளகியிருக்கிறார். பூட்ஸ், சட்டை, கோல் வலை எல்லாம் வாங்கித் தருகிறேன், வருஷா வருஷம் வெளியூர்ப் பந்தயங்களுக்குப் போகச் செலவும் தருகிறேன் என்றாராம். ஒரே ஒரு வேண்டுகோள்: குழுவுக்குத் தம்முடைய கம்பெனியின் பெயரை வைக்க வேண்டும், யாரைச் சேர்ப்பது, எங்கே ஆடுவது என்பதைத் தாம் நிர்ணயிக்க வேண்டும்.

"என்ன சொல்லலாம், ஸார்?"

உடனே பதில் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. ரமணாசிரமத்தைத் தாண்டிக்கொண்டிருந்தோம். தேசதேசாந்தரங்களிலிருந்து வந்தவர்கள் வெள்ளை வேஷ்டியும் துளசி மாலையுமாய், நம்மைவிட நிதானமாக நடந்துகொண்டிருந்தார்கள். அந்நியர் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரைச் சந்தேகிக்க இந்த ஊர்க்காரனுக்கு வாய் வராது. ஆகையால் பையன்கள் அணிந்திருந்த சட்டையிலிருந்தே பேச்சைத் தொடங்கினேன்.

மான்செஸ்டர் ஸிட்டி கிளப்பை 2008-ஆம் வருஷம் அபுதாபி அரச குடும்பத்தைச் சேர்ந்த ஷேக் மன்சூர் வாங்கினார். அதற்கு முந்தைய வருஷம் அதை வாங்கியிருந்தவர் தாய்லாந்தின் முன்னாள் பிரதம மந்திரி! 1968-க்குப் பிறகு இங்கிலாந்தின் முதல் பிரிவுப் பட்டத்தைக் கண்ணால் காணாதிருந்த கிளப், 2012 முதல் 2024-க்குள் எட்டுத் தடவை அதை வென்றது. பணம் பேசும் என்பதில் சந்தேகமில்லை. கணக்கு வழக்குகளில் விதி மீறல் நடந்ததென்று 2023-இல் லீக் நிர்வாகமே நூற்றுக்கு மேற்பட்ட குற்றச்சாட்டுகளைச் சுமத்தியது என்பதையும், கிளப் அவற்றை மறுத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

செல்ஸீ கிளப்பின் கதை இன்னும் விசித்திரம். 2003-இல் ஒரு ருஷ்யக் கோடீசுவரர் வாங்கி, பத்தொன்பது வருஷத்தில் ஏறக்குறைய 150 கோடி பவுண்டு கடனாகக் கொட்டினார். 2022-இல் உக்ரெய்ன் யுத்தம் மூண்டதும் பிரிட்டிஷ் சர்க்கார் அவருடைய சொத்துக்களை முடக்கிற்று. கிளப்பும் அவர் சொத்துத்தானே? புதிதாக டிக்கெட் விற்கத் தடை. கிளப்பின் கடையில் ஒரு சட்டை விற்கவும் தடை. யுத்தம் எங்கேயோ நடக்கிறது; லண்டனில் தன் பிள்ளைக்குச் சட்டை வாங்கப் போன தகப்பன் கடை வாசலில் நிற்கிறான். கடைசியில் 250 கோடி பவுண்டுக்கு அமெரிக்கர் ஒருவரின் கூட்டம் அதை வாங்கியது.

"அதெல்லாம் அவங்க ஊர் விஷயம், ஸார்," என்றான் இரண்டாமவன்.

"நம் ஊர்க்காரர் ஒருவர் அங்கே போய் வாங்கிய கதையும் இருக்கிறது, கேள்" என்றேன்.

லங்காஷயரில் பிளாக்பர்ன் என்றோர் ஊர். ஒரு காலத்தில் நம் பாட்டன்மார் கட்டிய மில் வேஷ்டியில் பெரும் பகுதி அந்த வட்டாரத் தறிகளிலிருந்து கப்பலேறி வந்ததுதான். நம் ஆரணியிலும் காஞ்சியிலும் தறிக்குழிகள் பாழடைந்ததற்கும் அந்தக் கப்பல்களுக்கும் உள்ள சம்பந்தத்தை நான் விவரிக்க வேண்டியதில்லை. 1931-இல் வட்டமேஜை மகாநாட்டுக்குப் போன காந்தியடிகள், பிளாக்பர்னை அடுத்த டார்வென் என்னும் ஊருக்குச் சென்றார். கதர் இயக்கத்தால் வேலை இழந்தோம் என்று எண்ணியிருந்த ஆலைத் தொழிலாளரையே நேரில் கண்டு பேசினார். ஆலைப் பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு ஆரவாரிக்கும் புகைப்படத்தை நேயர்களில் பலர் பார்த்திருக்கலாம்.

அந்த பிளாக்பர்னில் 1875-இல் தோன்றியது 'ரோவர்ஸ்' கிளப். 1888-இல் பன்னிரண்டு கிளப்புகள் கூடி உலகத்தின் முதல் கால்பந்து லீக்கைத் தொடங்கியபோது அவற்றில் இதுவும் ஒன்று. சனிக்கிழமை மத்தியானம் ஆலைச் சங்கு ஊதியதும் நேரே மைதானத்துக்கு வந்த ஜனங்களின் பென்னிக் காசில் வளர்ந்த கிளப் அது. ஆலைகள் நசித்த பிற்காலத்தில், அவ்வூரிலேயே பிறந்து உருக்கு வியாபாரத்தில் செல்வந்தரான ஜாக் வாக்கர் என்பவர் 1991-இல் கிளப்பைத் தம் கையில் எடுத்துக்கொண்டு தாராளமாகச் செலவிட்டார். 1995-இல் ரோவர்ஸ் இங்கிலாந்தின் சாம்பியன்! 2000-இல் அவர் காலமானார்.

பிறகு 2010 நவம்பரில், நமது புனா நகரத்துக் கோழி வியாபாரக் குடும்பமான 'வெங்கீஸ்' நிறுவனத்தார் 2 கோடியே 30 லட்சம் பவுண்டுக்கு அதை வாங்கினார்கள். கடன்களையும் ஏற்றுக்கொண்டார்கள். செய்தியைப் பத்திரிகையில் படித்தபோது, உள்ளபடியே சொல்கிறேன், எனக்கு உடம்பு புல்லரித்தது. வேஷ்டி விற்றவன் ஊரின் மானத்தையே நம்மவர் விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்று வகுப்பில் சொல்லிக்கூட மகிழ்ந்தேன். இப்போது அதை நினைத்தால் சற்றே கூச்சமாக இருக்கிறது.

நடந்தது என்ன? வந்த ஒரு மாதத்துக்குள் அனுபவசாலியான மானேஜரை நீக்கினார்கள். 2012 மே மாதம் கிளப் முதல் பிரிவிலிருந்து இறங்கியது. அன்றைய ஆட்டத்தின் நடுவே, கிளப்பின் கொடியைப் போர்த்திய ஒரு கோழியை யாரோ மைதானத்துக்குள் விட்டுவிட்டார்கள். உலகம் சிரித்தது, அந்த ஊர் சிரிக்கவில்லை. 2017-இல் மூன்றாம் பிரிவுக்கே இறங்கி, மறு வருஷம் இரண்டாம் பிரிவுக்கு ஏறி வந்தது.

ஆனால் நியாயத்தையும் சொல்ல வேண்டும். வெங்கீஸ் குடும்பத்தார் கிளப்பைக் கறந்து குடித்தவர்கள் அல்லர். வருஷா வருஷம் நஷ்டத்தை ஈடுகட்டி, மொத்தத்தில் இருபது கோடி பவுண்டுக்கு மேல் போட்டிருக்கிறார்கள். அந்த இரண்டாம் பிரிவில் பல கிளப்புகள், வருகிற வருமானம் முழுவதையும் கொடுத்தாலும் ஆட்டக்காரர் சம்பளத்துக்குப் போதாத நிலையில் இருப்பவை. யாராவது ஒரு பணக்காரர் கை நழுவவிட்டால் அவ்வளவுதான். பக்கத்து ஊரான பரியில் 1885 முதல் இருந்த கிளப், பணம் வற்றியதால் 2019-இல் லீக்கிலிருந்தே நீக்கப்பட்டது. பிளாக்பர்ன் ஜனங்களுக்கு அந்த கதி நேரவில்லை. எனினும், புனாவிலிருந்து அனுப்பும் பணத்துக்கு ஒரு சமயம் தில்லி ஹைகோர்ட்டின் அனுமதி வேண்டியதாயிற்று. பார்த்தீர்களா? லங்காஷயரில் ஒரு பந்து உருள வேண்டுமானால் தில்லியில் ஒரு நீதிபதி கையெழுத்திட வேண்டும்! நூற்று முப்பத்தைந்து வருஷம் பென்னி பென்னியாகக் கொடுத்த ஊருக்கு அதில் சொல்லிக்கொள்ள ஒரு வார்த்தையும் இல்லை.

பேசிக்கொண்டே ஆதி அண்ணாமலையையும் கடந்து குபேர லிங்கத்தை அடைந்தோம். அங்கே உள்ள நெரிசலைப் பற்றி எழுதவே வேண்டாம். எட்டு லிங்கங்களில் குபேரனுக்கு மட்டும் என்ன இத்தனை பக்தி என்று யாரும் கேட்பதில்லை, எல்லோருக்கும் தெரியும். சில்லறைக் காசுகள் மழையாய்ப் பறந்தன. காப்டனும் ஒரு ரூபாயை வீசினான்.

"எதற்கப்பா?"

"பூட்ஸுக்கு, ஸார்."

எனக்குத் தொண்டையை அடைத்தது. வெறுங்காலில் முள் தைத்து அவன் நொண்டிக்கொண்டு வகுப்புக்கு வந்த நாள் ஞாபகம் வந்தது. கொடுப்பதை வாங்கிக்கொள்ளாதே என்று சொல்ல நான் யார்? 1911-இல் மோகன் பகான் குழுவினர் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி, ஆங்கிலப் பட்டாளத்தைத் தோற்கடித்துக் கேடயம் வாங்கியதை நாம் மார் தட்டிச் சொல்கிறோம். காலில் ரத்தம் வருவது நம் கால் அல்லவே!

அந்த மோகன் பகானுக்கும் சோதனை வந்தது. 2020-இல் ஒரு பெரிய வியாபாரக் குழுமம் அதன் கால்பந்துப் பிரிவில் நூற்றுக்கு எண்பது பங்கை வாங்கி, தன் பழைய குழுவின் மூன்றெழுத்தை மோகன் பகான் என்ற பெயருக்கு முன்னால் ஒட்டியது. கல்கத்தா ஜனங்கள் விடவில்லை. கொடி பிடித்தார்கள், கோஷம் போட்டார்கள். 2023-இல் அந்த மூன்றெழுத்துப் போயிற்று. ஆனால் பின்னால் வேறு ஒரு வால் முளைத்தது. பம்பாயிலோ, இந்தப் பையன்களின் நீலச் சட்டைக் கம்பெனியே 2019-இல் மும்பை ஸிட்டி கிளப்பில் நூற்றுக்கு அறுபத்தைந்து பங்கு வாங்கியது. கோப்பைகளும் கேடயங்களும் வந்தன. இந்தியக் கால்பந்து லீக்கின் ஒப்பந்தம் முடிந்து, எதிர்காலம் நிச்சயமில்லாமல் போன 2025 டிசம்பரில், பங்கை விட்டுவிட்டு நடையைக் கட்டியது. அதே வருஷம் நம் சென்னைக் கிளப்பும் சில காலம் கதவைச் சாத்தி வைத்திருந்தது. வியாபாரி லாப நஷ்டம் பார்த்துப் போவதில் குற்றமில்லை. போக முடியாதவர்கள் ஊர்க்காரர்கள்தான்.

ஈசானிய லிங்கத்தை நெருங்கும்போது மலைக்குப் பின்னாலிருந்து நிலா உச்சிக்கு வந்துவிட்டது. ஒன்பது கோபுரங்களும் தெரிந்தன. மூன்றாமவன், அதுவரை வாயே திறக்காதவன், கேட்டான்:

"ஸார், இந்தக் கோயிலும் வெளியூர் ராஜா பணத்திலே கட்டினதுதானே?"

நல்ல கேள்வி. 217 அடி ராஜகோபுரத்தைத் தொடங்கிய கிருஷ்ணதேவராயர் விஜயநகரத்தவர். முடித்துவைத்த செவ்வப்ப நாயக்கர் தஞ்சாவூரில் ஆண்டவர். வல்லாள மகாராஜாவோ கர்நாடகத்துப் போசளர். அதற்கெல்லாம் முன்பு சோழர் காலத்தில், ஒரு விளக்கு எரிய ஆடுகளை விட்டுப் போனார்கள். பெரும்பாலும் தொண்ணூற்றாறு ஆடு. கல்வெட்டில் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். ஆடு கிழடாகும், சாகும். மந்தை குறையக் கூடாது. இடையன் மந்தையை வைத்துக்கொண்டு நாள்தோறும் உழக்கு நெய் அளப்பான். கொடுத்தவன் போய்ச் சேர்ந்த பிறகும் விளக்கு எரியும். மான்செஸ்டர் யுனைடெட் கிளப்பை 2005-இல் அமெரிக்கக் குடும்பம் ஒன்று 79 கோடி பவுண்டுக்கு வாங்கியபோது, பெரும்பாலும் கடன் வாங்கி, அந்தக் கடனில் பெரும் பகுதியைக் கிளப்பின் தலையிலேயே ஏற்றியது. நெய் ஊற்றுகிறேன் என்று சொல்லி விளக்கையே அடகு வைத்த மாதிரி!

இங்கே ராஜாக்கள் இவ்வளவு கொடுத்தும் கோயில் ராஜாவுடைய சொத்தாகவில்லை. இன்றைய நீதிமன்றத்திலும் சொத்து சுவாமியின் பெயரில்தான்; மற்றவர்கள் நிர்வாகிகளே. வல்லாள மகாராஜாவுக்குப் பிள்ளை இல்லை. அண்ணாமலையாரே பிள்ளையாக நின்று, மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி, இன்றைக்கும் அவருக்குத் திதி கொடுக்கிறார். செத்து அறுநூற்றெண்பது வருஷமான ஓர் அந்நிய ராஜாவுக்கு!

பையன்கள் சிறிது தூரம் பேசாமல் நடந்தார்கள். ஜெர்மனியில் கிளப்பின் வாக்குகளில் பாதிக்கு மேல் அங்கத்தினர் கையிலேயே இருக்க வேண்டுமென்ற விதி உண்டு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் காப்டன், வழியோரத்து மண்டபத்தில் எரிந்துகொண்டிருந்த ஒரு குழல் விளக்கைக் காட்டினான். அதன்மேல் கொடுத்தவரின் பெயர், தகப்பனார் பெயர், ஊர், கடை எல்லாம் சிவப்பு எழுத்தில் எழுதியிருந்ததால் வெளிச்சம் கொஞ்சம்தான் வந்தது.

"அந்த மாதிரி 'உபயம்' என்று போட்டுக்கலாமா, ஸார்? பூட்ஸ் பையிலே, கோல் கம்பத்திலே, எல்லாத்திலேயும் அவர் பேர் போடலாம். டீம் பேர் மட்டும் எங்க தெரு பேராவே இருக்கட்டும். யார் ஆடறதுன்னு நாங்களே பேசிக்கிறோம்."

"சட்டையிலே?" என்றான் மற்றவன்.

"சட்டையிலேயும் போடலாம். சின்ன எழுத்திலே."

டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து, அங்கேயே ஒரு கடிதம் எழுதினோம். அவர்கள் சொல்லச் சொல்ல நான் இங்கிலீஷில் எழுதினேன். நன்றாகத்தான் ஓடிற்று, 'உபயம்' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. தானம் என்று எழுதினால் பிச்சை போல் ஒலித்தது. ஆதரவாளர் என்று எழுதினால் மறுபடி கம்பெனிப் பெயர் நுழைய வழியாயிற்று. பி.ஏ., எல்.டி. படித்தவன் டீ ஆறும் வரையில் யோசித்தேன். கடைசியில் காப்டன் பேனாவை வாங்கி, அந்த இடத்தில் தமிழிலேயே 'உபயம்' என்று கொட்டை எழுத்தில் எழுதிவிட்டான். அந்தக் கனவான் நாலைந்து வருஷமாக இந்த ஊரில் இருக்கிறாரே, யாரையாவது கேட்டுத் தெரிந்துகொள்வார் என்றான்.