உடைமையும் அனுமதியும்

மனிதன் தான் விலைகொடுத்து வாங்கிய பொருளைத் தனது உடைமையென்று கருதுவது இயல்பு. சந்தையில் வாங்கிய மண்வெட்டி, வாங்கியவனை நோக்கி, 'நீ யார்?' என்று ஒருபோதும் வினவுவதில்லை. கடையில் வாங்கிய நூலும் அத்தகையதே. அதனை வாசிக்கலாம், நண்பனுக்கு இரவல் கொடுக்கலாம், வேண்டாதபோது விற்றும் விடலாம். ஆயின் கணனி மென்பொருள் இவ்வழமைக்குள் அடங்குவதில்லை. பெரும்பாலும் அது விற்கப்படுவதில்லை; அதனைப் பயன்படுத்தும் அனுமதியே வழங்கப்படுகின்றது. பொடி எழுத்துகளில் அச்சாகும் உடன்படிக்கையை எவரும் வாசிப்பதில்லையாதலால், ஏதேனும் பழுதுபடும் நாள்வரை இவ்வேறுபாடு எவர் கண்ணுக்கும் புலனாவதில்லை. கலைப்பீட இறுதியாண்டு மாணவியொருத்திக்கு அது புலனான விதம் சிந்தனைக்குரியது.

மலையகத் தோட்டமொன்றின் லயன் குடியிருப்புகளைப் பற்றியது அவளது ஆய்வு. கொழுந்து பறிக்கும் பெண்கள் 27 பேரைச் சந்தித்து, அவர்கள் கூறியவற்றை ஒலிப்பதிவு செய்து, எழுத்தில் பெயர்த்து வைத்திருந்தாள். நேர்காணல்களைப் பகுத்தாராய்வதற்கென உள்ள மென்பொருளொன்றின் துணையுடன், தண்ணீரைப் பற்றிய வரிகளை ஒரு தலைப்பின் கீழும், ஒழுகும் கூரையைப் பற்றியவற்றை வேறொரு தலைப்பின் கீழுமாகச் சேர்த்திருந்தாள். ஐந்து மாத உழைப்பு அது. மென்பொருளுக்கான ஓராண்டு அனுமதியை மாணவர்க்குரிய சலுகை விலையில், மகாபொலப் புலமைப்பரிசிற் பணத்தில் மிச்சம் பிடித்துப் பெற்றிருந்தாள்.

ஆய்வேட்டை ஒப்படைக்கப் பன்னிரண்டு நாள்கள் இருக்கையில் அவளது மடிக்கணனி மழையில் நனைந்து செயலிழந்தது. நல்லகாலமாக ஆய்வுக் கோப்பின் பிரதி பென்டிரைவில் இருந்தது. அண்ணன் கொழும்பிலே பழைய மக் கணனியொன்றை வாங்கி அனுப்பிவைத்தான். அவள் அதே மென்பொருளின் மக் பதிப்பை நிறுவி, தன் குறியெண்ணை இட்டாள். செயற்படுத்த முடியவில்லை என்ற ஒற்றை வரி திரையில் தோன்றியது. கோப்பு திறக்கவில்லை. இருபத்தேழு பெண்களின் சொற்களும் அப்பூட்டுக்குள் அகப்பட்டுக் கிடந்தன.

இப்பூட்டு இயங்கும் முறையை அறிந்தாலன்றி அதன் பழுதை அறிதல் அரிது. ஒரு காலத்தில் குறியெண் சரியான அமைப்பில் உள்ளதா என்பதை மென்பொருளே கணக்கிட்டுப் பார்த்து வழிவிட்டது. ஆகவே ஓர் எண்ணைப் பலர் பகிர்ந்துகொள்ள முடிந்தது. பின்னர் வந்த முறையில் மென்பொருள் தான் இருக்கும் கணனியின் வன்பொருள் அடையாளங்களைத் திரட்டி, அவற்றிலிருந்து ஓர் எண்ணை ஆக்கி, குறியெண்ணோடு சேர்த்து இணையவழியே நிறுவனத்தின் வழங்கிக்கு அனுப்புகின்றது. அனுமதிக்கப்பட்ட கணனிகளின் தொகை மீறப்பட்டதா என்று வழங்கி பார்க்கின்றது. மீறப்படவில்லையாயின் மறைகுறியால் ஒப்பமிட்ட சீட்டொன்றை அனுப்புகின்றது. அச்சீட்டு உள்ளவரையே மென்பொருள் இயங்கும். குறியெண், கணனி, கடிகாரம், வலையமைப்பு, தொலைவிலுள்ள வழங்கி ஆகிய ஐந்தும் ஒத்திசைய வேண்டும். ஒன்று பிறழினும் பயனருக்குக் கிடைப்பது அந்த ஒற்றை வரியே. பிறழ்ந்தது எதுவென்பதை அது கூறுவதில்லை.

அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். குறியெண்ணில் ஆங்கில 'ஓ' எழுத்தையும் பூச்சியத்தையும் மாற்றி இட்டிருக்கலாம். மின்னஞ்சலிலிருந்து பிரதி செய்கையில் இறுதியில் ஒரு வெற்றிடம் ஒட்டிக்கொண்டிருக்கலாம். இரண்டும் இல்லை. அடுத்ததாகத் திகதியைப் பார்த்தாள். நெடுங்காலம் மின்னேற்றாமற் கிடந்த அக்கணனி பல ஆண்டுகள் பின்தங்கிய ஒரு நாளைக் காட்டிக்கொண்டிருந்தது. பாதுகாப்பான இணைய இணைப்புக்கான சான்றிதழ்கள் யாவும் கால எல்லை உடையவை. நாள் தவறாயின், நேற்று வழங்கப்பட்ட சான்றிதழும் இனிமேல்தான் செல்லுபடியாகுமென்று கணனி கருதி இணைப்பை மறுத்துவிடும். திகதியைத் திருத்தினாள்; பூட்டுத் திறக்கவில்லை. பல்கலைக்கழக வலையமைப்பு தடுக்கின்றதோ என்றெண்ணித் தோழியின் கைத்தொலைபேசி வழியே இணைத்தாள், பயனில்லை. மென்பொருளை நீக்கி மீண்டும் நிறுவினாள், அதே வரி. இவ்வாறு மூன்று நாள்கள் கழிந்தன.

நான்காம் நாள் கணனி நிலையத்தின் மூத்த தொழினுட்ப உதவியாளரிடம் போனாள். அவர் முதலில் வினவியது மென்பொருளைப் பற்றியன்று.

"பிள்ளை, இந்தக் கணனி புதுசோ, பழசோ?"

"பழசு சேர். கொழும்பில அண்ணன் வாங்கினது."

"முந்தி வைச்சிருந்தவர் எல்லாத்தையும் அழிச்சுப்போட்டே தந்தவர்?"

அவளுக்குத் தெரியவில்லை. அவர் டேர்மினலைத் திறந்து ஹோஸ்ட்ஸ் என்னும் சிறிய எழுத்துக் கோப்பைத் திரைக்குக் கொண்டுவந்தார். இணையப் பெயர்களுக்குரிய எண் முகவரிகளைக் குறித்துவைக்கும் கோப்பு அது. 1983 இல் போல் மொக்கபெற்றிஸ் வகுத்த பெயர் முறைமை வருமுன்னர் வலையமைப்பின் பெயர்கள் யாவும் இத்தகைய ஒரே பட்டியலிற் பேணப்பட்டன. அப்பழைய வழக்கத்தின் எச்சம் இன்றும் மக் கணனியில் உண்டு. பொதுவாகக் கணனி முதலில் இதனைப் பார்த்த பின்னரே வெளியே வினவும். அதனுள்ளே வழமையான சில வரிகளின் கீழ் இருபதுக்கும் மேற்பட்ட வரிகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் மென்பொருள் நிறுவனத்தின் வழங்கியொன்றின் பெயரும், அதற்கு எதிரே 127.0.0.1 என்ற முகவரியும் காணப்பட்டன. அம்முகவரி கணனி தன்னைத்தானே சுட்டும் முகவரி. நிறுவனத்தைத் தேடிப் புறப்படும் ஒவ்வொரு வினாவும் வாயிலைத் தாண்டாமல் தன் வீட்டுக்கே திரும்பிக்கொண்டிருந்தது.

"உமக்கு முந்தி இருந்தவர் அதே கொம்பனியின்ரை வேறை மென்பொருளைக் காசு குடுக்காமல் பாவிச்சிருக்கிறார், பிள்ளை. கொம்பனி அறியாமலிருக்கக் கதவை உள்ளாலை பூட்டிப்போட்டுப் போட்டார்" என்றார் அவர்.

நிருவாகக் கடவுச்சொல்லை இட்டு அவ்வரிகள் நீக்கப்பட்டன. கணனியை மீண்டும் தொடக்கியபோது வழங்கி பதிலிறுத்தது. ஆயின் பதில் வேறாயிருந்தது: அனுமதிக்கப்பட்ட கணனிகளின் தொகை நிறைந்துவிட்டது. மழையில் நனைந்த மடிக்கணனி இறந்த செய்தி வழங்கிக்குத் தெரியாது. அதன் பெயரிலேயே அனுமதி நின்றது. அதனை விடுவிக்க அக்கணனியிலிருந்தே விண்ணப்பிக்க வேண்டும், அதுவோ இயங்காது. கொள்வனவுப் பற்றுச்சீட்டை இணைத்து நிறுவனத்துக்கு எழுதினாள். இடையே வார விடுமுறை வந்தது. மேலும் மூன்று நாள்கள் சென்றன.

இதிலுள்ள முரண் நோக்கத்தக்கது. பணம் செலுத்தாதவர் தடையின்றிப் பயன்படுத்திப் போய்விட்டார். பணம் செலுத்தியவள் வாயிலில் நின்று தன்னை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. கள்வனைத் தடுக்கப் போட்ட பூட்டும், கள்வன் போட்ட பூட்டும் ஒருங்கே நேர்மையானவளின் மீதே விழுந்தன. அதனால், பூட்டுப் போட்டவர் பக்கம் நியாயமே இல்லையென்று கொள்வதும் பொருந்தாது. 1976 பெப்ரவரியில் இளைஞரான பில் கேட்ஸ், கணனி ஆர்வலர்க்கு ஒரு திறந்த மடல் எழுதினார். அல்ரெயர் கணனிக்கெனத் தாம் ஆக்கிய பேசிக் மொழியைப் பலர் விலையின்றிப் பிரதி செய்வதை அவர் களவென்று கண்டித்தார். உழைத்து ஆக்கியவர் கூலி கேட்பது முறையே. ஆனால் கூலி பெறுவது வேறு. கூலி பெற்ற பின்னும் திறவுகோலைத் தம் கையிலேயே வைத்திருப்பது வேறு.

திறவுகோல் பிறர் கையிலிருப்பதன் விளைவுக்குச் சான்றுகள் உள. அடோபி நிறுவனம் 2005 இல் வெளியிட்ட கிரியேட்டிவ் சூட் 2 என்ற தொகுதிக்கான செயற்படுத்தல் வழங்கிகள் பின்னர் மூடப்பட்டன. முறைப்படி வாங்கியோர் தொடர்ந்து பயன்படுத்த, செயற்படுத்தல் வேண்டாத பதிப்பொன்றை 2013 இல் அந்நிறுவனமே வெளியிட நேர்ந்தது. 2021 செப்ரெம்பர் 30 இல் ஒரு மூலச் சான்றிதழ் காலாவதியானபோது, மக் இயங்குதளத்தின் 10.12.1 பதிப்புக்கு முற்பட்ட கணனிகள் பல எண்ணற்ற இணையத்தளங்களோடு தொடர்பிழந்தன. எவரும் தீங்கெண்ணவில்லை, ஆயினும் கதவுகள் மூடிக்கொண்டன.

காத்திருந்த நாள்களில் அந்த மாணவி தன் குறிப்புக் கொப்பிகளை எடுத்தாள். பென்சிலால் அவசரமாக எழுதிய குறிப்புகள் எவரது அனுமதியையும் வேண்டாமல் திறந்தன. 'வீடு' என்ற தலைப்புக்குரியவற்றை மீண்டும் வாசிக்கையில், முன்னர் அவள் ஊன்றி நோக்காத ஒன்று தென்பட்டது. பெண்கள் யாவரும் 'எங்கட வீடு' என்றே கூறியிருந்தனர். ஆயின் அடுப்படிக்கு ஒரு தகரம் ஏற்றுவதற்கும் தோட்ட நிருவாகத்திடம் கேட்க வேண்டியிருந்ததைப் பலர் சொல்லியிருந்தனர். பாட்டனும் தந்தையும் வாழ்ந்து மறைந்த அறை. ஆனால் காணி உறுதி இல்லை. இருக்கலாம், உரிமை கொண்டாட இயலாது. ஏறத்தாழ இரு நூற்றாண்டு வாழ்க்கையின் சுமையையும் ஒரு மாணவியின் ஒரு வாரத் தவிப்பையும் ஒரே தராசில் இடுதல் தகாது என்பதை அவள் நன்குணர்ந்திருந்தாள். எனினும், பிறர் அனுமதியில் வாழ்தல் என்பதன் பொருளை, அதன் மிகச் சிறிய உருவிலேனும் அனுபவித்த பின்னரே அவ்வரிகளை அவளால் சரியாக வாசிக்க முடிந்தது. ஆய்வேட்டின் நான்காம் இயலை அவள் மீண்டும் புதிதாக எழுதத் தொடங்கினாள்.

திங்கட்கிழமை மாலை அனுமதி விடுவிக்கப்பட்டது, மென்பொருள் திறந்தது. அவள் முதலிற் செய்த வேலை பகுப்பாய்வன்று. 27 நேர்காணல்களையும், தான் இட்ட தலைப்புகளையும், எந்தக் கணனியும் திறக்கக்கூடிய வெறும் எழுத்துக் கோப்புகளாக, ஒருங்குறியில் ஏற்றுமதி செய்து மூன்று இடங்களிற் சேமித்தாள். ஒரு தொகுதியை அச்சிட்டும் எடுத்தாள். அச்சொற்கள் நிறுவனத்துக்கு உரியவையல்ல, அவளுக்கும் உரியவையல்ல. அவற்றைச் சொன்ன பெண்களுள் எவரேனும் ஒருநாள் வந்து, தான் கூறியது எங்கேயென்று கேட்பின், குறியெண் ஏதுமின்றி எடுத்துக் கொடுக்கக் கூடியதாய் அவை இருத்தல் வேண்டும் என்பதே அவளது எண்ணமாயிருந்தது.