எனக்குத் தெரிந்ததை ஊருக்குச் சொல்லவில்லை

இலங்கையின் ராகலையில் தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பராவில் பிறந்து, வெளியூரில் மருத்துவ நூலகராக வேலை பார்த்தவன் நான். பிறருக்குக் கற்றுக்கொடுப்பதற்காக எனக்குத் தந்த பயிற்சியை என் மதிப்புக்காகப் பூட்டி வைத்துக்கொண்டேன்.

2002இல் உலக சுகாதார நிறுவனம் பெரிய பதிப்பகங்களோடு சேர்ந்து ஹினாரி திட்டத்தைத் தொடங்கியது. பெருந்தொகை கட்டினால்தான் வாசிக்கக்கூடிய மருத்துவ ஆய்விதழ்கள் வறிய நாட்டு நிறுவனங்களுக்கு இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ கிடைத்தன. நிறுவனத்துக்கென்று கடவுச்சொல் உண்டு. வெளியாருக்குக் கொடுக்கக் கூடாது. விதி நியாயமானதுதான். விசேட வைத்தியர்கள் ஒரு கட்டுரைக்காக என் மேசையருகே காத்து நின்றபோது, லயத்துப் பிள்ளையிடம் வந்து நிற்கிறார்களே என்று மனம் நிறைந்தது. அந்த நிறைவை இழக்க நான் விரும்பவில்லை.

லீவில் ஊருக்குப் போயிருந்தபோது தோட்டத்து மருத்துவமாது கேட்டார்: "அண்ணே, இரும்பு மாத்திரை குடிச்சா வயித்தப் பொரட்டுதுன்னு பொம்பளைங்க தூக்கி வீசிடுறாங்க. என்ன சொல்லிக் குடிக்க வைக்கிறதுன்னே தெரியல. ஒங்க கம்ப்யூட்டர்ல ஏதாச்சும் இருக்குமா?"

"அதுக்கெல்லாம் பாஸ்வேர்ட் வேணும் தங்கச்சி. வெளிய குடுக்க ஏலாது."

பொய் சொன்னேன். மருத்துவக் கட்டுரைகளைத் தேட உதவும் பப்மெட் தளம் 1997 முதல் எல்லாருக்கும் இலவசம். பிரித்தானிய மருத்துவ இதழின் பழைய இதழ்கள், முழுக் கட்டுரைகளையும் இலவசமாகத் தரும் பப்மெட் சென்ட்ரலில் முழுதாக இருக்கின்றன. அதில் 1979இல் எட்ஜர்டன் குழுவினர் எழுதிய கட்டுரை நம் நாட்டுத் தேயிலைத் தோட்டப் பெண்களைப் பற்றியது. இரத்தச்சோகை உள்ளவர்களுக்கு ஒரு மாதம் இரும்புச்சத்துக் கொடுத்தார்கள். இரத்தம் ஏறியதும் அவர்கள் பறித்த கொழுந்தும் கூடியது; சோகை கடுமையாக இருந்தவர்களிடமே முன்னேற்றம் அதிகம். கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர் விழுமே, அரைநாள் சம்பளம்தான் கிடைக்குமே என்று பயந்து மலையேறுகிற பெண்ணிடம் சொல்ல இதைவிட வேறென்ன வேண்டும்? கங்காணிக்காக அல்ல, அவள் கைக்காசுக்காகவும் அவள் உடம்புக்காகவும். தேநீர் இரும்பை உடம்பில் சேரவிடாமல் தடுக்கிறது என்று 1975இல் 'கட்' இதழில் வந்த ஆய்வும் எனக்குத் தெரியும். மாத்திரையைச் சாயத்தண்ணியோடு விழுங்க வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதைக்கூடச் சொல்லவில்லை.

இன்னும் வெட்கமான ஒன்று. 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாட்டில் 17.3 வீதம், தோட்டப்புறத்தில் 31.7 வீதம். தேடும் முறையை விளக்க இந்த எண்களைத்தான் பயிற்சி வகுப்புகளில் திரையில் போட்டுக் காட்டினேன். பாராட்டும் கிடைத்தது. எந்தப் பிள்ளைகளின் எண்களோ அவர்களின் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு ஒரு தாளைக்கூடக் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.

அந்தத் தங்கச்சி இப்போது வேறு தோட்டத்தில் இருக்கிறார். அவருக்கும், மலையகத்தின் சிறு நூலகங்களில் இருப்பவர்களுக்கும் அன்றே சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன். பப்மெட் சென்ட்ரலைத் திறந்து அனீமியா, வேர்க்கர், புரொடக்டிவிட்டி என்று ஆங்கிலத்தில் அடித்துத் தேடுங்கள். கடவுச்சொல் கேட்காது. வாசிக்க ஆங்கிலம் தடையென்றால் கட்டுரையை எனக்கு அனுப்புங்கள். தமிழில் எழுதித் தருகிறேன்.