மைக் வாங்கிய படலம்

"ஒரு மைக் வாங்கப் போகிறேன்" என்று நான் சொன்னதும், "எந்தத் தேர்தலில் நிற்கப் போகிறீர்கள்?" என்று கேட்டாள் என் மனைவி. நியாயமான கேள்விதான். எங்கள் தெருவில் இதுவரை மைக் பிடித்தவர்கள் எல்லாரும் ஒன்று வோட்டுக் கேட்டவர்கள், இல்லாவிட்டால் பழைய இரும்பு வாங்க வந்தவர்கள். நான் இரண்டிலும் சேராதவன். கதை எழுதிப் பிழைக்கிறவன்.

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை தோறும் மாலை ஏழு மணிக்கு வீட்டில் உட்கார்ந்தபடியே என் கதைகளில் ஒன்றை இணையத்தில் நேரலையாக வாசிப்பது என்று ஆரம்பித்திருந்தேன். கேட்கிறவர்கள் நாற்பது, ஐம்பது பேர் இருப்பார்கள். அத்தனை பேருக்கும் என் வந்தனம். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: நான் வாசித்தது ஒருத்திக்காகத்தான். திருத்துறைப்பூண்டியில் இருக்கும் என் அக்காவுக்காக.

எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக் கொடுத்தவள் அவள். பிளஸ் டூவோடு படிப்பு நின்றுபோய் நான் கதை எழுதத் தொடங்கியபோது, அதையும் ஒரு தொழில் என்று குடும்பத்தில் ஒப்புக்கொண்டவளும் அவள் ஒருத்திதான். எந்தக் கதையானாலும் முதல் பிரதி அவளுக்குப் போகும். ஓரத்தில் பென்சிலால் "வாக்கியம் நீளம்", "இவன் ஏன் அழுகிறான்?" என்றெல்லாம் எழுதித் திருப்பி அனுப்புவாள். பத்திரிகை ஆசிரியர்களுக்குக்கூட நான் அவ்வளவு பயந்ததில்லை. பிறகு கண் நீர் அழுத்த நோய் வந்தது. அது சத்தம் போடாத நோய். பார்வையை ஓரங்களிலிருந்து அரித்துக்கொண்டு வரும்; போன பார்வை திரும்பாது. டாக்டரிடம் போனபோது பாதிக்கு மேல் போய்விட்டிருந்தது. மிச்சமும் நாலு வருஷத்தில் போயிற்று.

முதல் ஞாயிறு கைப்பேசியையே மேஜைமேல் சாய்த்து வைத்து வாசித்தேன். முடிந்ததும் அக்கா கூப்பிட்டாள்.

"நல்லா இருந்ததுடா தம்பி. ஒண்ணு மட்டும் சொல்லு. கடைசியிலே அவன் ஊருக்குப் போனானா, போகலையா?"

எனக்குத் திக்கென்றது. கதையே அந்த ஒரு வார்த்தையில்தான் இருக்கிறது. அவன் போகவில்லை.

குமணன்சாவடியைப் பற்றி இங்கே இரண்டு வார்த்தை. புலவனுக்குத் தன் தலையையே கொடுக்கத் துணிந்த வள்ளலின் பெயர் கொண்ட ஊர் இது. இங்கே குடியிருக்கும் எழுத்தாளனிடம் ஊர் கேட்பது அவன் காதுகளை. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வரும் வண்டிகளும், குன்றத்தூர்ப் பக்கம் திரும்புகிற வண்டிகளும் ஒன்றையொன்று பார்த்ததும் குசலம் விசாரிப்பதுபோல் ஹாரன் அடிக்கும். மெட்ரோ ரயில் தூண்கள் முளைத்த வருஷங்களில் அதற்குப் பக்கவாத்தியமாகத் துளையிடும் இயந்திரங்களும் சேர்ந்துகொண்டன. என் வீடு சாலையிலிருந்து இரண்டாவது வரிசை. ஜன்னலைச் சாத்தினால் சத்தம் பாதி குறையும். சித்திரை மாதத்தில் வாசிக்கிறவனும் பாதியாகக் குறைவான்.

ஆகவே மைக் வாங்க ரிச்சி தெருவுக்குப் போனேன். கடைக்காரப் பையன் எடுத்த எடுப்பில், "யு.எஸ்.பி.யா சார், அனலாகா?" என்றான். காப்பியா, டீயா என்று கேட்கிற குரலில் கேட்டான். நான் விழித்ததைப் பார்த்து அவனே விளக்கினான். யு.எஸ்.பி. மைக்கைக் கம்ப்யூட்டரில் செருகினால் போதும், வேலை முடிந்தது. அனலாக் மைக்குக்குத் தடித்த வயர் வேண்டும். அந்த வயர் போய்ச் சேர ஒரு பெட்டி வேண்டும். பெட்டியிலிருந்து கம்ப்யூட்டருக்கு இன்னொரு வயர் வேண்டும். செலவும் இரண்டு மடங்கு. மேடையில் பாடுகிறவர்கள், ஸ்டுடியோ வைத்திருப்பவர்கள் எல்லாம் அனலாக்தான் வாங்குவார்கள் என்று ஒரு தூண்டிலும் போட்டான். நான் மாட்டிக்கொள்ளவில்லை. வெள்ளி நிறத்தில் பளபளவென்றிருந்த ஒரு யு.எஸ்.பி. மைக்கை வாங்கி வந்தேன்.

அது கேட்காத சத்தம் இல்லை. மின்விசிறியின் கிறீச்சைக் கேட்டது. அடுத்த வீட்டுக் குக்கரின் விசில்களை எண்ணிச் சொன்னது. பஸ் கண்டக்டரின் விசிலையும் விடவில்லை. இத்தனைக்கும் நடுவில் என் குரலும் கேட்டது. அன்று இரவு அக்கா, "எந்த பஸ் ஸ்டாண்டிலே உட்கார்ந்து படிச்சே?" என்று விசாரித்துவிட்டு, பழையபடி ஆரம்பித்தாள்: "அந்தப் பொண்ணு சம்மதிச்சாளா, சம்மதிக்கலையா?"

அனலாக் வாங்காமல் கெட்டேன் என்று முடிவு கட்டிவிட்டேன். இரண்டாவது தடவை ரிச்சி தெருவுக்குக் கிளம்பியவனை வழிமறித்தவர் கரையான்சாவடியில் மைக்செட் வைத்திருக்கும் ஒரு பெரியவர். முப்பது வருஷமாகக் கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் குழாய் கட்டியவர். வீட்டுக்கு வந்தார். மைக்கைப் பார்க்கக்கூட இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து ஐந்து நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு அறையைக் கேட்டார்.

"வயரைப் பார்க்காதீங்க சார், வாயைப் பாருங்க" என்றார் பிறகு.

அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். மனிதக் குரல் எப்போதுமே அனலாக்தான். காற்றில் எழும் அலை. அதை எங்கேயாவது ஓர் இடத்தில் எண்களாக மாற்றினால்தான் கம்ப்யூட்டர் வாங்கிக்கொள்ளும். யு.எஸ்.பி. மைக்கில் அந்தக் கணக்குப்பிள்ளை மைக்குக்குள்ளேயே உட்கார்ந்து விநாடிக்கு 48,000 தடவை குறிப்பெடுக்கிறார். அனலாக்கில் வெளியே ஒரு பெட்டியில் உட்கார்ந்து எடுக்கிறார். வித்தியாசம் அவ்வளவுதான். லாரிச் சத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

லாரி உள்ளே வருவது மைக்கின் ஜாதியைப் பொறுத்தது. என்னுடையது கண்டென்சர், 1916-இல் அமெரிக்காவில் வென்ட் என்பவர் கண்டுபிடித்த வம்சம். மெல்லிய ஜவ்வு ஒன்று எறும்பு தும்மினாலும் அசையும். சத்தமில்லாத அறையில் அது அமிர்தம். மற்றது டைனமிக், காந்தத்துக்கு நடுவில் கம்பிச் சுருள் அசைகிற ரகம். மேடைப் பாடகர்கள் கையில் உருண்டைத் தலையோடு பார்க்கிறோமே, 1966-இல் வெளிவந்த ஷூர் எஸ்.எம்.58, அது இந்த ரகம். கொஞ்சம் மந்தக் காது. கிட்டத்தில் வந்து பேசுகிறவனைத்தான் நன்றாகக் கேட்கும். எங்கள் தெருவுக்கு அந்தக் குணம்தான் தேவை.

அதைவிட முக்கியம் தூரம். ஓர் அடியில் இருக்கிற வாயை அரை அடிக்குக் கொண்டுவந்தால் மைக்கைச் சேரும் குரல் இரட்டிப்பாகிறது; சாலைச் சத்தமோ இருந்த அளவிலேயே நிற்கிறது. முன்பக்கம் கேட்டு முதுகுப்பக்கம் கேட்காத மைக்காக இருந்தால் அதன் முதுகை ஜன்னலுக்குக் காட்ட வேண்டும். நானோ முகத்தைக் காட்டியிருந்தேன்!

"அப்படியானால் அனலாக் எதற்குத்தான்?" என்று கேட்டேன்.

நாலு பேர் உட்கார்ந்து பேசினால், நாலு மைக்கை ஒரு பெட்டியில் சேர்க்கலாம். வயர் நூறு அடி போனாலும் இரைச்சல் ஏறாது, யு.எஸ்.பி. வயர் பதினைந்து, பதினாறு அடிக்கு மேல் சண்டித்தனம் செய்யும். பெட்டி பழசானால் பெட்டியை மட்டும் மாற்றலாம். ஒரு மேஜை, ஒரு ஆள், ஒரு கதை என்றால் யு.எஸ்.பி. தாராளம். இரண்டு துவாரமும் உள்ள டைனமிக் மைக்கே கிடைக்கிறது, அதை வாங்கிக்கொள்ளுங்கள், பின்னால் மனசு மாறினால் பெட்டி வாங்கலாம் என்றார். அப்படியே செய்தேன். வெள்ளி மைக் மகளின் வீணைக்குப் போயிற்று. உள் அறையில் அது சௌக்கியமாக இருக்கிறது.

இந்த இடத்தில் கதை சுபமாக முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. நேரலைக்கு முன்னால் ஒத்திகையாக ஒரு கதையைப் பதிவு செய்து, காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். லாரி இல்லை, குக்கர் இல்லை. சுத்தமான அந்த அமைதியில் என் குறை மட்டும் பளிச்சென்று கேட்டது. ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் என் குரல் சரிகிறது. பக்கம் முடிகிற இடத்தில் தாளைப் புரட்ட முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். இங்கிலீஷ்காரன் இப்படிச் செய்தால் மாடு, மரம் என்று ஏதாவது ஒரு பெயர்ச்சொல்தான் போகும். நம் பாஷையில் எல்லாவற்றையும் கடைசிச் சொல்லில் அல்லவா வைத்திருக்கிறோம்? "அவன் அந்தக் கடிதத்தைப் படித்து, மடித்து, அவளிடமே திருப்பி" என்று ஒரு மைல் நடந்த பிறகுதான் கொடுத்தானா, கொடுக்கவில்லையா என்பது தெரிகிறது. இருபது வருஷமாகத் தமிழில் எழுதிக்கொண்டு, வினைமுற்றை விழுங்கியிருக்கிறேன். எஸ். ஜி. கிட்டப்பா காலத்து நாடகக்காரர்கள் மைக் இல்லாமலே கொட்டகையின் கடைசி வரிசைக்குக் குரலைக் கொண்டுபோனார்கள். என் குரல் அரை அடியில் இருந்த இரும்பு வலையைக்கூட எட்டவில்லை.

சாலைமேல் போட்ட பழியைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். தாள்களைத் தைக்காமல் தனித்தனியாக வைத்துக்கொண்டேன். ஒரு பென்சில் எடுத்து, கடைசிச் சொற்களின் அடியிலெல்லாம் கோடு போட்டேன். சில வாக்கியங்கள் மூச்சுக்கு அடங்கவில்லை, இரண்டாக வெட்டினேன். அச்சேறி வருஷக்கணக்கான கதைகள். ஓரத்தில் "வாக்கியம் நீளம்" என்று அவள் எழுதியும் நான் கேட்காமல் விட்ட இடங்கள் அவை என்பது பாதியில்தான் ஞாபகம் வந்தது.

அந்த ஞாயிறு வாசித்தது, இரவில் யாரோ கதவைத் தட்ட, தாழ்ப்பாளில் கை வைத்தபடி நிற்கும் ஒரு விதவையின் கதை. முடித்து ஐந்து நிமிஷத்தில் அக்காவின் பேத்தி போன் போட்டுக் கொடுத்தாள்.

"ஒரு வார்த்தை விடாமல் கேட்டதுடா. லாரிகூட இல்லை. பக்கத்திலே உட்கார்ந்து படிச்ச மாதிரி இருந்தது."

எனக்குத் தொண்டை அடைத்தது. சமாளித்துக்கொண்டு, "எல்லாம் புது மைக் அக்கா" என்றேன்.

"இருக்கட்டும். அவள் கதவைத் திறந்தாளா, இல்லையா?"

"அது மைக்கின் தப்பு இல்லை அக்கா. நான்தான் எழுதவில்லை."

அந்தப் பக்கத்தில் சிறிது நேரம் பேச்சில்லை. வாசலில் பால்காரன் மணி அடிப்பது கேட்டது. அங்கே மைக் கண்டென்சர் போலிருக்கிறது.

"அதெப்படி எழுதாமல் விடலாம்? அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள்ளே எழுதி வை" என்று சொல்லிவிட்டு அக்கா போனை வைத்துவிட்டாள்.