தீக்குச்சியில் உறையும் இருவகைப் பிணைப்பு

அயனிப் பிணைப்பு, சகப்பிணைப்பு என்னும் இரண்டனையும் பரீட்சைக்காக மனனஞ் செய்யும் மாணாக்கர் பலர், அவை தம் சட்டைப்பையிலுள்ள தீப்பெட்டியில் அடங்கிக் கிடப்பதை நினையார். (விளக்கணையுங்கால் உதவுமென்றே பெட்டி வைத்திருப்பர், வேறு காரணம் யான் கூறவில்லை.)

1916இல் ஜெர்மானியராகிய கோசலும் அமெரிக்கராகிய லூயிசும் அணுக்கள் கூடும் முறையை விளக்கினர். எலெக்ட்ரானை ஒன்று கொடுக்க மற்றொன்று கொள்ளுமாயின், எதிர்மின்னூட்டங்கொண்ட அயனிகள் திசைதோறும் ஒன்றையொன்று ஈர்த்துப் பெரும் படிகமாய் அடுக்குறும். தூத்துக்குடி உப்பளத்து உப்பு இவ்வினம்; அதனை உருக்க 801 டிகிரி வெப்பம் வேண்டும். எலெக்ட்ரான்களைப் பங்கிட்டுக்கொள்ளும் கந்தகமோ, எட்டணு வளையங்களாகத் தனித்தனியே நிற்பது. வளையத்தினுள் பிணைப்பு வலிது. வளையத்திற்கும் வளையத்திற்கும் இடையேயுள்ள கவர்ச்சி மெலிது. ஆதலின் ஏறக்குறைய 115 டிகிரியிலேயே அஃது உருகிவிடும். நீரில் உப்புக் கரையும், கந்தகம் கரையாது.

சென்ற விடுமுறையில் சிவகாசிக்கு அடுத்த எம் சிற்றூருக்குச் சென்றிருந்தேன். என் சிறிய தாயார் தீப்பெட்டி ஆலையில் வேலை செய்பவர். சிற்றப்பா பட்டாசுக்கு மருந்து கலப்பவர். நான் ரசாயனம் படிப்பதறிந்த சிறிய தாயார், "ஏய்யா, சோத்துக்குப் போடுறதும் உப்பு, குச்சி மருந்துல சேர்க்கிறதும் உப்பு. அது மட்டும் ஏன் அப்படிச் சீறுது?" என்று வினவினார். எம் ஆசிரியர் எவரும் இத்துணைத் தெளிவாகக் கேட்டதில்லை.

குச்சி மருந்திலுள்ள பொட்டாசியம் குளோரேட்டு ஓர் உப்பே. எனினும் அதனுள் இருவகைப் பிணைப்பும் உண்டு. பொட்டாசியம் அயனிக்கும் குளோரேட்டு அயனிக்கும் இடையே நிற்பது மின்கவர்ச்சி. அக்குளோரேட்டினுள்ளேயோ ஒரு குளோரின் மூன்று ஆக்ஸிஜன் அணுக்களைச் சகப்பிணைப்பால் பற்றியுள்ளது. சமையலுப்பில் ஆக்ஸிஜனே இல்லை. வெடியுப்பாகிய பொட்டாசியம் நைட்ரேட்டு ஆக்ஸிஜனை விடுதற்கு வெப்பத்தை உண்ணும். குளோரேட்டோ சிதையுங்கால் தானே வெப்பத்தை உமிழும். இவ்வியல்புடைய பொருள் எளிதில் எரியும் கந்தகத்தைத் தீண்டினால், சிறு உராய்வும் போதும். கந்தகத்தில் அமிலக்கசிவு இருப்பின் அதுவும் வேண்டா. 1992இல் மத்திய அரசு கந்தகமும் குளோரேட்டும் சேர்ந்த வெடிமருந்தைத் தடை செய்தமைக்குக் காரணம் இதுவே. அத்தடையினின்று தீக்குச்சித் தலைக்கு விலக்கு அளிக்கப்பட்டது.

பெட்டியின் பக்கத்திலே பூசியுள்ள சிவப்புப் பாஸ்வரம் தனிக்கதை. வெண்பாஸ்வரத்தில் நான்கு அணுக்கள் நெருக்குண்டு ஒரு மூலக்கூறாய் நிற்கும். 44 டிகிரியில் உருகும். காற்றுப்படின் தானே எரியும். தொழிலாளர் தாடையெலும்பை அரிக்கும். 1913இல் இந்தியாவில் வெண்பாஸ்வரத் தீக்குச்சி சட்டத்தால் விலக்கப்பட்டது. அதே அணுக்கள் சங்கிலித்தொடராய்ப் பிணைந்த சிவப்புப் பாஸ்வரம் அடக்கமுடையது. பொருள் ஒன்றே, பிணைந்த முறை வேறு.

ஈங்கு ஒரு செய்தி குறிக்கத்தக்கது. திருவாளர்கள் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தனர். அந்நாளில் அந்நகரில் பணியாற்றியவருள் ஒருவர் நம் வத்திராயிருப்பில் 1898இல் பிறந்து மதுரை அமெரிக்கன் கல்லூரியிற் பயின்ற கே. எஸ். கிருஷ்ணன் ஆவர். 1928இல் ராமனுடன் ஒளிச்சிதறலை ஆராய்ந்த அவர், பின்னர் நாப்தலீன் முதலிய சகப்பிணைப்புப் படிகங்களின் காந்தப் பண்பை அளந்து புகழெய்தினார். ஒரு வட்டாரத்தினர் ஒரே நகரில், ஒருபுறம் தீக்குச்சியும் மறுபுறம் படிகமும் கற்றனர்! இவர்கள் சந்தித்திருந்தால் என்ன பேசியிருப்பர் என்று நான் எண்ணுவதுண்டு.

என் விளக்கத்தைக் கேட்ட சிறிய தாயார், "அப்ப குச்சிக்கு மட்டும் ஏன் விட்டுட்டாங்க?" என்றார். ஒரு குச்சித் தலையில் மருந்து மிகச் சிறிதென்றேன். அன்றியும் அதனைப் பசைநீரில் குழைத்தே கலப்பர். குளோரேட்டு நீரில் ஓரளவு கரையும், கரையாத கந்தகத் துகளைப் பசை போர்த்துக்கொள்ளும், ஈரமுள்ளவரை தீப்பற்றாது என்றும் கூறினேன். சிற்றப்பாவின் வேலை உலர்ந்த பொடியோடு. அதனை அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. உதிர்ந்த மருந்தை ஈரத்துணியால் மட்டுமே துடைக்க வேண்டுமென்று மேஸ்திரி சொல்வது இதற்குத்தானா என்று கேட்டுவிட்டு, அவர் அடுப்படிக்குச் சென்றார்.