பாலம் இருக்கிறது, ஆறு இல்லை

ஐஸ்லாந்தைச் சுற்றி வரும் முதலாம் எண் நெடுஞ்சாலை ஏறத்தாழ 1,320 கிலோமீட்டர் நீளமுடையது. அந்த வளையம் முழுமை பெற்றது 1974இல்தான். தென்கரையில், ஸ்கெய்தரா ஆறு பரந்து திரிந்த கரிய மணல்வெளியில் அதுவரை பாலம் கிடையாது. 2018 ஜூனில் நண்பர்கள் மூவர் வாடகைக் கார் ஒன்றில் மேற்கிலிருந்து அந்த மணல்வெளியை நோக்கிச் சென்றோம்.

அதற்கு முன்னதாக எரிமலைக் குழம்பு உறைந்த நிலமொன்று வருகிறது. சாம்பல் கலந்த பச்சைப் பாசி, மெத்தை போல அதன்மேல் படர்ந்திருக்கிறது. பார்வைக்கு அத்தனை சாந்தம். 1783 ஜூனில் லாகி பிளவு வாய் திறந்து எட்டு மாதங்கள் கக்கிய நெருப்புதான் அது. நெருப்பைவிடக் கொடியது அதனுடன் வந்த நச்சு. புல்லில் படிந்த ஃபுளோரின் ஆடுகளின் பற்களையும் எலும்புகளையும் சிதைத்தது, மந்தைகள் மடிந்தன, தொடர்ந்த பஞ்சத்தில் மக்களில் ஐந்தில் ஒருவர் இறந்தனர். யோன் ஸ்டெய்ன்கிரிம்சன் என்ற அவ்வட்டாரப் பாதிரியார், தம் மனைவியையும் அக்காலத்தில் இழந்தவர், கண்டதையெல்லாம் எழுதி வைத்தார். அவர் எழுதியிராவிட்டால் அந்தப் பாசியை வெறும் அழகென்றே கருதிக் கடந்திருப்போம்.

அடுத்து மணல்வெளி. 1996 செப்டம்பர் இறுதியில் வாட்னாயோகுல் பனியாற்றின் அடியில் எரிமலை வெடித்தது. உருகிய நீர் ஐந்து வாரங்கள் பனிக்கடியில் தேங்கி, நவம்பர் 5 அன்று வீடளவு பனிக்கட்டிகளைப் புரட்டிக்கொண்டு வெளியே பாய்ந்தது. ஒரு பாலம் முற்றிலுமாகப் போயிற்று. 880 மீட்டர் நீள ஸ்கெய்தரா பாலத்தின் ஒரு பகுதியும் போயிற்று. உயிர்ச்சேதம் இல்லை. முறுக்கிய இரும்பு உத்தரங்களைச் சாலையோரம் நினைவுச் சின்னமாக நிறுத்தியிருக்கிறார்கள். பழுதான பாலத்தை மீண்டும் கட்டினார்கள்.

வெள்ளத்தால் அழிக்க முடியாத அந்தப் பாலத்தைப் பயனற்றதாக்கியது வெள்ளமின்மை. பனியாறு பின்வாங்கப் பின்வாங்க, 2009இல் ஸ்கெய்தரா தன் போக்கை மாற்றி மேற்கேயுள்ள வேறொரு ஆற்றுடன் கலந்துவிட்டது. நாட்டின் மிக நீளமான பாலத்தின் கீழ் எஞ்சியது ஓர் ஓடைதான். 2017இல் அருகிலேயே சிறிய பாலமொன்று கட்டி, பழையதைக் கைவிட்டார்கள். ஆறில்லாப் பாலம் நம் கண்களுக்குப் புதிதல்ல. ஆயினும் ஓசையே இல்லாமல் ஓர் ஆறு விலகிப்போன அந்த இடத்தில் எங்களுக்குப் பேச்சு எழவில்லை.

நெருப்பையும் வெள்ளத்தையும் அந்நாட்டு மக்கள் அறிவார்கள். அவற்றுக்கு ஒரு நாள் உண்டு, தேதி உண்டு. பனி விலகுவதற்குத் தேதி இல்லை. எவரேனும் குறித்து வைத்தால்தான் உண்டு. 2014இல் பனியாறு என்னும் தகுதியை இழந்த ஓக்யோகுலுக்கு 2019 ஆகஸ்டில் ஒரு நினைவுப் பலகை பதித்தார்கள். வருங்காலத்தவருக்கென எழுதப்பட்ட அதன் அடியில், அவ்வாண்டுக் காற்றிலிருந்த கரியமில வாயுவின் அளவும் பொறிக்கப்பட்டிருக்கிறது: பத்து இலட்சத்தில் 415 பங்கு. பாதிரியார் எழுதியது நிலம் மனிதர்க்குச் செய்ததன் கணக்கு. இது மனிதர் நிலத்துக்குச் செய்ததன் கணக்கு.