வெந்தும் நிறம் மாறாத இறைச்சி

கடல் கடந்த மடல் – லியோன், பிரான்ஸ்

ஆட்டிறைச்சியோ பன்றியிறைச்சியோ, அடுப்பில் வேகத் தொடங்கியதும் சிவப்பு மங்கிப் பழுப்பும் சாம்பலுமான நிறத்துக்கு வந்துவிடும். சமைத்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. ஆனால் பிரான்சின் கடைகளில் பிளாஸ்டிக் உறைக்குள் மெல்லிய தகடுகளாக அடுக்கி விற்கும் ஜம்போன் மட்டும் இளஞ்சிவப்பாகவே இருக்கிறது. அதுவும் வேகவைத்த பன்றித்தொடைதான். வெண்ணெய் தடவிய பகெத் ரொட்டிக்குள் அதை இரண்டு தகடு வைத்தால் இந்நாட்டில் லட்சக்கணக்கானோரின் மதியச் சாப்பாடு முடிந்தது. பிள்ளைகளுக்கு அவசரத்தில் கொடுப்பதும் அதுதான். அந்த நிறம் இறைச்சிக்கு உரியதல்ல. உப்போடு சேர்த்துச் செலுத்தும் சோடியம் நைட்ரைட், இறைச்சியில் உள்ள சிவப்புப் புரதத்தோடு வினைபுரிந்து அதைத் தருகிறது. உறையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் 'ஈ 250' என்று போட்டிருப்பார்கள். வெடியுப்பு என்று நம்மூரில் அறியப்படும் பொட்டாசியம் நைட்ரேட் சேர்த்திருந்தால் 'ஈ 252'.

வெடியுப்பு போட்டு இறைச்சியைக் காப்பது ஐரோப்பாவில் பல நூற்றாண்டுப் பழக்கம். அதற்குத் தக்க காரணமும் இருந்தது. 1820-களில் ஜெர்மனியின் வுர்ட்டெம்பெர்க் பகுதியில் யுஸ்டினுஸ் கெர்னர் என்ற மருத்துவர் (கவிஞரும்கூட) கெட்டுப்போன சாசேஜ் தின்று மடிந்தவர்களைப் பற்றி ஆராய்ந்து எழுதினார். கண்ணிமை சரிந்து, விழுங்க முடியாமல், கடைசியில் மூச்சு நின்றுபோகும் அந்த நோயைத்தான் இன்று பொட்டுலிசம் என்கிறோம். அதை உண்டாக்கும் நுண்ணுயிரியை நைட்ரைட் வளரவிடாது. கூடவே நிறத்தையும் கொடுக்கும், பதமாகும் காலத்தையும் சுருக்கும். பிரான்சில் நைட்ரைட் கலந்த உப்பைப் பயன்படுத்த 1964-இல் அனுமதி கிடைத்தது. இறைச்சித் தொழில்துறையினர் அன்று முதல் இன்றுவரை பேசுவது நுண்ணுயிரியைப் பற்றி. நிறத்தாலும் வேகத்தாலும் வரும் வணிக லாபத்தை அவ்வளவாகப் பேசுவதில்லை. ஆனால் இத்தாலியின் பார்மா ஹாமில் பல ஆண்டுகளாக நைட்ரைட்டும் இல்லை, வெடியுப்பும் இல்லை. பன்றித்தொடை, கடலுப்பு, ஓராண்டுக்கும் மேலான பொறுமை, அவ்வளவுதான். அதன் சிவப்பு, காலப்போக்கில் இறைச்சியிலேயே துத்தநாகம் சேர்ந்து உருவாகும் ஒரு நிறமியால் வருவது.

லியோனில் இருந்துகொண்டு இதைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. ரோசெத், ஜேசு என்று பெயர் வைத்து உலர்த்தித் தொங்கவிடும் பன்றிக் குடலில் இறைச்சி அடைத்த சாசேஜ்களுக்குப் புகழ்பெற்ற ஊர் இது. 'பூஷோன்' எனப்படும் சிறிய உணவகங்களில் குடலும் ஈரலும் சாசேஜும்தான் பெருமைக்குரிய பண்டங்கள். 1965-இல் தொடங்கப்பட்ட, உலக சுகாதார அமைப்பின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை இயங்கி வருவதும் இதே நகரில்தான். 2015 அக்டோபரில் 10 நாடுகளைச் சேர்ந்த 22 விஞ்ஞானிகள் இங்கே கூடி, 800-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் பரிசீலித்தார்கள். அந்த மாதம் 26-ஆம் தேதி முடிவு வெளியானது. பதப்படுத்திய இறைச்சி மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குவது. அது முதல் தொகுதியில் சேரும். மாடு, பன்றி, ஆடு முதலியவற்றின் சிவப்பு இறைச்சி அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. அது '2ஏ' தொகுதி. இரண்டிலும் முதன்மையாகச் சுட்டப்பட்டது பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்.

மறுநாள் உலகப் பத்திரிகைகள் பலவற்றில் சாசேஜும் சிகரெட்டும் பக்கத்தில் பக்கத்தில் படமாக வந்தன. அது பெரிய பிழை. அதனால் விளைந்த கெடுதல் இன்றுவரை தீரவில்லை. முதல் தொகுதி என்பது சான்று எவ்வளவு உறுதியானது என்பதைக் குறிக்கிறது. ஆபத்து எவ்வளவு பெரியது என்பது வேறு கேள்வி. இதே முகமை அப்போது எடுத்துக்காட்டிய மதிப்பீட்டின்படி, உலகில் ஆண்டுக்குப் புகையிலையால் நேரும் புற்றுநோய் மரணங்கள் சுமார் 10 லட்சம், மதுவால் 6 லட்சம், பதப்படுத்திய இறைச்சி மிகுந்த உணவால் 34,000. படத்தைப் பார்த்துப் பயந்தவர்கள் நாலு நாளில் பழைய வழக்கத்துக்குத் திரும்பினார்கள். 'எதைத் தின்றாலும் புற்றுநோய் என்கிறார்கள்' என்ற சலிப்புதான் மிஞ்சியது.

அந்தக் குழு சொன்ன கணக்கு இது: தினமும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு 18 விழுக்காடு கூடும். 50 கிராம் என்பது ஜம்போன் ஒரு தகட்டுக்குக் கொஞ்சம் மேல். இந்த 18-ஐ நூறு பேரில் 18 பேர் என்று எடுத்துக்கொள்பவர்கள் அநேகம். பிரிட்டனின் புள்ளியியலாளர் டேவிட் ஸ்பீகல்ஹால்ட்டர் அதைத் தெளிவாக விளக்கினார். அங்கே நூறு பேரில் ஏறத்தாழ 6 பேருக்கு வாழ்நாளில் இந்நோய் வருகிறது. அந்த நூறு பேரும் தினமும் 50 கிராம் பேக்கன் தின்றால் அது 7 ஆகும். நூற்றுக்கு ஒருவர் கூடுகிறார். தனியொருவருக்கு இது சின்ன எண்ணாகத் தோன்றலாம். பிரான்சில் ஆண்டுதோறும் சுமார் 47,000 பேருக்குப் புதிதாக இந்நோய் கண்டுபிடிக்கப்படுகிறது, சுமார் 17,000 பேர் இறக்கிறார்கள். அந்த அளவில் பார்த்தால் நூற்றுக்கு ஒன்று என்பது பல ஆயிரம் குடும்பங்கள்.

2019-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் பிரிட்டனில் 40 முதல் 69 வயதுக்குட்பட்ட ஏறத்தாழ 4,75,000 பேரைத் தொடர்ந்து கவனித்து ஒரு முடிவை வெளியிட்டார்கள். தினமும் சராசரியாக 76 கிராம் சிவப்பு இறைச்சியும் பதப்படுத்திய இறைச்சியும் சாப்பிட்டவர்களுக்கு, 21 கிராம் சாப்பிட்டவர்களைவிட இந்நோய் வாய்ப்பு 20 விழுக்காடு அதிகம். 76 கிராம் என்பது பெருந்தீனி அல்ல. அங்கே மிதமாகச் சாப்பிடுகிறோம் என்று நினைப்பவர்கள் சாப்பிடும் அளவுதான்.

உடலுக்குள் நடப்பது என்ன? சிவப்பு இறைச்சியைச் சிவப்பாக்குவது ஹீம் என்ற இரும்புச் சேர்மம். ரத்தசோகைக்கு இறைச்சி நல்லது என்று மருத்துவர்கள் சொல்வதற்குக் காரணமும் அதே ஹீம்தான். அந்த இரும்பை உடல் எளிதில் ஏற்கும். மிச்சமாகிப் பெருங்குடலை அடையும் ஹீம் அங்கே கொழுப்பைச் சிதைத்து, குடலின் உட்சுவரை அரிக்கும் பொருள்களை உண்டாக்குகிறது. நைட்ரோசோ சேர்மங்கள் உருவாகவும் துணைபோகிறது. இவை செல்லின் மரபணுவைத் தாக்கக்கூடியவை. பதப்படுத்திய இறைச்சியில் ஹீமோடு நைட்ரைட்டும் சேர்ந்தே வருவதால் இந்த வேலை இன்னும் எளிதாகிறது. போதாக்குறைக்கு, தணலில் கருக வாட்டும்போதும் எண்ணெயில் முறுகப் பொரிக்கும்போதும் வேறுவகை நச்சுகள் உண்டாகின்றன. துலூஸ் நகர ஆய்வாளர்கள் எலிகளில் பல ஆண்டுகள் இதைச் சோதித்தார்கள். ஹீம் மிகுந்த தீனி, குடலில் புற்றுக்கு முந்தைய மாற்றங்களைக் கூட்டியது. அதோடு கால்சியம் சேர்த்துக் கொடுத்தபோது அது குறைந்தது. ஹீமை கால்சியம் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. எலிக்கு நடப்பதெல்லாம் மனிதருக்கும் நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் மக்கள்தொகை ஆய்வுகளும் ஆய்வுக்கூடமும் ஒரே திசையைக் காட்டுவதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கீரையிலும் நைட்ரேட் உண்டே என்று தொழில் தரப்பில் கேட்பார்கள். உண்டுதான். கீரையில் அதோடு வைட்டமின் சி-யும் வேறு காப்புப் பொருள்களும் இருக்கின்றன, ஹீம் இல்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது நியாயமல்ல.

எதிர்க்கருத்து அறிவியலுக்குள்ளிருந்தும் வந்தது. 2019 அக்டோபரில் அமெரிக்காவின் ஒரு மருத்துவ இதழில் ஓர் ஆய்வுக்குழு, சான்றுகளின் உறுதி குறைவு, ஆகவே பெரியவர்கள் இப்போது உண்ணும் அளவையே தொடரலாம் என்று பரிந்துரைத்தது. அந்தக் குழுவே அதை வலுவற்ற பரிந்துரை என்று குறித்திருந்தது. உணவு ஆய்வுகளில் ஆயிரம் பேரை இருபது ஆண்டுகள் ஜம்போன் தின்னச் சொல்லி, இன்னோர் ஆயிரம் பேரைத் தடுத்து வைத்துப் பார்க்க முடியாது. மருந்துகளுக்குக் கேட்கும் அதே வகைச் சான்றை உணவுக்கும் கேட்டால், புகையிலைக்கு எதிராகக்கூட எச்சரிக்கை வந்திருக்காது. அந்தப் பரிந்துரையைவிட லியோன் குழுவின் முடிவே நம்பத்தக்கது.

பிரான்சில் இது அரசியலாகவும் ஆனது. நைட்ரைட்டைத் தடை செய்யக் கோரி 2019-இல் புற்றுநோய்க்கு எதிரான தேசியச் சங்கமும், ஃபுட்வாட்ச் அமைப்பும், உணவுப் பொருள்களை மதிப்பிடும் கைப்பேசிச் செயலியான யூக்காவும் சேர்ந்து மனு தொடங்கின. இறைச்சித் தொழில்துறையினர் யூக்கா மேல் வழக்குத் தொடுத்தார்கள். 2021-இல் வணிக நீதிமன்றங்கள் அந்தச் சிறு நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தன. 2022, 2023-இல் மேல்முறையீட்டில் அவை ஒவ்வொன்றாக ரத்தாயின. நாடாளுமன்றத்தில் ரிச்சர்ட் ராமோஸ் என்ற உறுப்பினர் முழுத் தடை கேட்டுப் போராடினார். கிடைத்தது படிப்படியான குறைப்புத் திட்டம்தான். 2022 ஜூலையில் நாட்டின் உணவுப் பாதுகாப்பு முகமையான ஆன்செஸ், நைட்ரைட்டுக்கும் பெருங்குடல் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டு என்று உறுதிசெய்தது. வாரத்துக்கு 150 கிராமுக்கு மேல் பதப்படுத்திய இறைச்சி வேண்டாம் என்றும் சொன்னது. ஐரோப்பிய ஒன்றியமும் அனுமதிக்கும் அளவுகளைக் குறைத்தது. புதிய வரம்புகள் 2025 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. டென்மார்க்கோ பல ஆண்டுகளாகவே ஒன்றியத்தின் வரம்பைவிடக் கடுமையான வரம்பைக் கடைப்பிடித்து வருகிறது. அங்கே முடிந்தது மற்ற இடங்களில் இத்தனை காலம் ஏன் முடியவில்லை என்று நுகர்வோர் கேட்க உரிமை இருக்கிறது.

இடையில் கடைகளில் 'நைட்ரைட் சேர்க்காதது' என்ற பொட்டலங்கள் பெருகின. கொஞ்சம் வெளிறிய நிறம், கொஞ்சம் கூடுதல் விலை. வாங்குபவர்கள் பின்பக்கத்தையும் படிக்க வேண்டும். காய்கறிச் சாறு என்று எழுதியிருக்கும் சிலவற்றில், காய்கறியின் நைட்ரேட்டை நொதிக்கவைத்து அதே நைட்ரைட்டைப் பெறுகிறார்கள்.

தமிழ் வீடுகளுக்கு வருவோம். பாரிஸின் லா ஷப்பெல் கடைத்தெருவில் ஆட்டிறைச்சியும் மீனும் கருவாடும் கிடைக்கின்றன. ஆனால் மாதச் சாமான்களுக்குப் பக்கத்துப் பெருங்கடைக்குத்தான் போகிறார்கள். அங்கே பன்றி வேண்டாம் என்று வான்கோழி ஜம்போனும் கோழிச் சாசேஜும் எடுக்கிற பெற்றோர், பிள்ளைக்கு நல்லதையே வாங்கியிருக்கிறோம் என்று நம்புகிறார்கள். உப்பிட்டு, புகையிட்டு, நொதிக்கவைத்து, ரசாயனம் சேர்த்துக் காக்கப்பட்டது எதுவானாலும் பதப்படுத்திய இறைச்சிதான், கோழியானாலும் சரி. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் பேக்கரிகளில் விற்கும் சாசேஜ் பணிஸுக்கும், சென்னைக் கடைகளின் சிக்கன் சலாமிக்கும் இது பொருந்தும். அதேபோல், சிவப்பு இறைச்சி என்றால் மாடு மட்டும்தான் என்பதும் தவறு. ஆடும் அதில் சேரும். வரையறைப்படி உப்புக்கண்டமும் பதப்படுத்திய இறைச்சிதான். ஆனால் எப்போதாவது நாலு துண்டு பொரித்துச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்வது வேறு, பள்ளி நாள்தோறும் ரொட்டிக்குள் சாசேஜ் வைப்பது வேறு. கவலைப்பட வேண்டியது அன்றாட அளவைப் பற்றி.

நம்மவர்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 2024-இல் 20 நாடுகளின் கிட்டத்தட்ட 20 லட்சம் பேரின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு, தினமும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி உண்பவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு 15 விழுக்காடு அதிகம் என்று கண்டது. பதப்படுத்தாத சிவப்பு இறைச்சியானால் 100 கிராமுக்கு 10 விழுக்காடு. தெற்காசியர்களுக்கு நீரிழிவு இளம் வயதிலேயே, உடல் பருக்காதபோதே வருகிறது. வீட்டில் ஏற்கெனவே ஒருவராவது மாத்திரை போடும் குடும்பத்தில் இந்த எண்களுக்குக் கூடுதல் கனம் உண்டு.

கோழி நீங்கலாக மற்ற இறைச்சி வாரத்துக்கு 500 கிராமுக்குள் இருக்கட்டும் என்பது பிரெஞ்சு அரசின் அறிவுரை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறிக் குழம்பை அது தடுக்கவில்லை. பருப்பு, பயறு, முட்டை, மீன் எல்லாம் நம் சமையலறைக்குப் புதியவை அல்ல. கறியோடு கீரையும் தயிரும் இருந்தால் நல்லது. பிள்ளையின் ரொட்டிக்குள் அவித்த முட்டையும் வெள்ளரிக்காயும் வைக்கலாம், டூனா மீன் வைக்கலாம்.

பெரியவர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இளைஞர்களாக இங்கே வந்து, உணவகச் சமையலறைகளில் நின்று உழைத்து, கிடைத்த நேரத்தில் கிடைத்ததைச் சாப்பிட்ட தலைமுறை இப்போது ஐம்பதையும் அறுபதையும் கடந்துவிட்டது. பிரான்சில் 50 முதல் 74 வயது வரையுள்ளோர் இரண்டாண்டுக்கு ஒருமுறை பெருங்குடல் புற்றுநோய்ப் பரிசோதனை செய்துகொள்ளலாம். வீட்டிலேயே சிறிதளவு மலத்தைக் குழாயில் எடுத்துத் தபாலில் அனுப்பினால் போதும். கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று ஆய்வுக்கூடம் பார்க்கும். நூற்றில் ஏறத்தாழ நான்கு பேருக்கே மேற்கொண்டு குடல்நோக்கிச் சோதனை தேவைப்படுகிறது. ஆரம்பத்திலேயே தெரிந்தால் பத்தில் ஒன்பது பேர் குணமாகிறார்கள். ஆனாலும் அழைக்கப்படுவோரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர்தான் செய்துகொள்கிறார்கள். அழைப்புக் கடிதம் பிரெஞ்சில் வருகிறது. அப்பாவோ அம்மாவோ அதைப் பிரிக்காமலே மேசை மேல் வைத்திருந்தால், இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் எடுத்துப் படித்துச் சொல்ல வேண்டும். கடிதம் தொலைந்துபோனாலும் பரவாயில்லை. சோதனைப் பையை மருந்துக்கடையிலேயே கேட்டு வாங்கலாம், கட்டணம் இல்லை.